கரு தங்கும் காலம்: புரொஸ்டாகிளாண்டின் ஆராய்ச்சியின் வரலாறு

மக்கட்பேற்றைப் பற்றித் தமிழர் பாடியன பல, பேசியன பல. பத்துத் திங்கள் சுமந்து பெறும் தாயின் பெருமை நம் நூல்களில் விரித்துரைக்கப்படுகின்றது. ஆயினும், அப் பத்துத் திங்களின் தொடக்கத்திலே, தாயும் அறியாமல் மற்றையோரும் அறியாமல், ஒரு சில நாள்களுக்குள் நடந்து முடியும் நிகழ்ச்சி ஒன்று நெடுங்காலம் எவராலும் அறியப்படாமற் கிடந்தது. கருக்கட்டிய சூல் கருப்பையை அடைந்து, அதன் உட்சுவரிலே ஒட்டி, அதனுள் ஊன்றித் தங்குதலே அந் நிகழ்ச்சி. உயிரியலார் இதனை உட்பதித்தல் என்பர்.

ஊவா மலைநாட்டில் வாழ்வார்க்கு இதனை விளக்கும் உவமை அருகிலேயே உண்டு. ஸ்பிரிங்வெளி முதலாய தேயிலைத் தோட்டங்களிலே, ஒற்றை இலையுடைய வெட்டுத்துண்டங்களைத் தவறணையில் நட்டுக் கன்றாக்குவர். துண்டம் எத்துணை நல்ல செடியிலிருந்து எடுக்கப்பட்டதாயினும், மண் பதமாய் இராவிடின் வேர் விடாது. மண் பதமாய் இருந்தும், நிழலும் ஈரமும் உரிய நாளிற் கிடையாவிடின் வாடிப்போகும். நடப்படுவதன் நலம் ஒன்று; நிலத்தின் பதம் ஒன்று; இரண்டும் ஒரே காலத்திற் கூடுதல் மற்றொன்று. கரு தங்குதற்கும் இம் மூன்றும் வேண்டும். இவற்றுள் மூன்றாவதாகிய காலப் பொருத்தமே அறிவியலார்க்குக் கடைசியாக விளங்கியது. அதனை விளக்கிய பொருள்களுள் தலையாயது புரொஸ்டாகிளாண்டின். அவ் விளக்கத்தை உலகுக்கு அளித்தவருள் முன்னணியில் நிற்பவர் கல்கத்தாவிற் கற்ற ஓர் இந்தியர்.

இஃது ஆய்வுக்கூடச் சுவர்களுக்குள் நின்றுவிடும் செய்தியன்று. பிள்ளை பிறவாத வீட்டிலே பெண்ணையே குறைகூறும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியது. மலடி என்னும் ஒரு சொல்லால் மங்கல வினைகளில் ஒதுக்கப்பட்ட பெண்கள் எத்தனையோ பேர். அச் சொல்லுக்கு அறிவின் அவையிலே இடம் உண்டா என்பதைத் துணிதற்கும் இவ் வரலாறு துணைபுரியும்.

பழையோர் கண்டதும் காணாததும்

மணிவாசகப் பெருமான் போற்றித் திருவகவலிலே, மானிடப் பிறவியுட் புகும் உயிர் தாய் வயிற்றிலே திங்கள்தோறும் எதிர்ப்படும் இடர்களுக்குத் தப்பி வருமாற்றை நிரல்படக் கூறுகின்றார். அந் நிரல் நடுத் திங்களிலோ பிறப்பு வேளையிலோ தொடங்கவில்லை. கருவின் தொடக்க நிலையிலிருந்தே தொடங்குகின்றது. இதனைக் கொண்டு பழந்தமிழர் இக்கால முளையவியலை அறிந்திருந்தனர் என வாதிடுதல் பொருந்தாது. கருவின் வாழ்வு முதலிலிருந்தே இடர் மிக்கது என்னும் உணர்வு அவர்பால் இருந்தது என்ற அளவிற் கொள்ளுதலே நேர்மை. அவ் விடர் எந்நாளில் நேர்வது, எதனால் நேர்வது என்பன கருவியின் துணையின்றிக் காணலாகாதன.

ஐரோப்பாவிலும் நிலைமை இதுவே. குருதிச் சுற்றோட்டத்தைக் கண்டறிந்த வில்லியம் ஹார்வி, முதலாம் சார்ள்ஸ் மன்னரின் வேட்டைக் காடுகளிற் கிடைத்த பெண் மான்களின் கருப்பைகளைத் திறந்து ஆராய்ந்தார். புணர்ச்சிக் காலம் கழிந்து பல வாரங்கள் சென்ற பின்னும் கருப்பையில் யாதும் காணப்படாமை அவருக்குப் பெரு வியப்பாயிற்று. அவருடைய நூல் 1651ஆம் ஆண்டில் வெளிவந்தது. பாலூட்டியின் சூலை முதன்முதற் கண்டவர் கார்ல் ஏர்ண்ஸ்ட் வொன் பேயர், ஆண்டு 1827. அதன்பின் 1854இல் பிஷொஃப் என்னும் ஜெர்மானிய அறிஞர், ரோ என்னும் மான் இனத்திலே, கருக்கட்டிய முளையம் பல மாதங்கள் எங்கும் ஒட்டாமற் கருப்பையிற் கிடந்து, அதன் பின்னரே வளர்ச்சி பெறும் என்பதை விளக்கினார். கரு உண்டாதல் வேறு, கரு தங்குதல் வேறு என்பது அம் மானால் விளங்கிற்று.

நிலத்தின் பதத்தை முதலிற் காட்டியவர் லியோ லோப். 1907ஆம் ஆண்டை ஒட்டிக் கினிப்பன்றிகளில் அவர் செய்த சோதனை எளியது. ஆனால் ஆழ்ந்த பொருளுடையது. உரிய நாள்களிலே கருப்பையின் உட்சுவரைச் சிறிது கீறினால், முளையம் இல்லாதபோதும் அவ்விடம் தடித்து, கருவைத் தாங்கும் மென்திசுவாக வளர்ந்தது. சூலகத்திலுள்ள மஞ்சட்சடலம் அகற்றப்பட்டிருப்பின் அவ்வாறு வளரவில்லை. ஆகவே, மஞ்சட்சடலத்திலிருந்து வரும் ஏதோ ஒரு பொருள் நிலத்தைப் பண்படுத்துகின்றது. பண்பட்ட நிலம் சிறு தூண்டலையும் ஏற்று மாறுகின்றது என்பது துணியப்பட்டது. அப் பொருள் புரொஜெஸ்தரோன் என்னும் ஓமோன் எனப் பின்னர்ப் பெயர் பெற்றது. ஆயினும், முளையத்தின் தொடுகை நிலத்தை மாற்றுவது எங்ஙனம் என்னும் வினா விடையின்றி நின்றது.

பிழையாய் இட்ட பெயர்

அவ் வினாவின் விடை, அதனைத் தேடாதவர்கள் கையில் முதலில் அகப்பட்டது. 1930ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்து மருத்துவர்களான குர்ஸ்ரொக், லீப் என்னும் இருவர், மனிதரின் விந்துப் பாய்மம் கருப்பைத் தசைத் துண்டின்மீது பட்டபோது அத் தசை சிலவேளை சுருங்குவதையும் சிலவேளை தளர்வதையும் கண்டனர். அடுத்த சில ஆண்டுகளில் இங்கிலாந்தில் கோல்ட்பிளாட் என்பவரும், சுவீடனில் உல்ஃப் வொன் ஒய்லர் என்பவரும், ஒருவரையொருவர் சாராமல், அப் பாய்மத்திலே தசையைச் சுருக்குவதும் குருதியமுக்கத்தைத் தாழ்த்துவதுமான ஒரு பொருள் உண்டெனக் காட்டினர். 1935இல் ஒய்லர் அதற்குப் புரொஸ்டாகிளாண்டின் எனப் பெயரிட்டார். புரொஸ்டேட் என்னும் சுரப்பியிலிருந்து அது வருகின்றது என்னும் எண்ணமே அப் பெயருக்குக் காரணம். பின்னாளில், விந்துப் பாய்மத்தில் உள்ள அப் பொருளிற் பெரும்பகுதி வேறொரு சுரப்பியிலிருந்து வருவதென்பதும், அதற்கும் மேலாக, ஆண் பெண் இருபாலாரின் உடலிலும் ஏறக்குறைய எல்லாத் திசுக்களிலும் அஃது உண்டாகின்றதென்பதும் வெளிப்பட்டன. பெயர் பிழையானது; ஆயினும் நிலைத்துவிட்டது.

ஒய்லர் சேர்த்து வைத்த சாற்றை ஆராயும் பணியைச் சூனே பெர்க்ஸ்ட்ரோம் ஏற்றார். செம்மறியாட்டின் சுரப்பிகளைத் திரட்டி, மிகச் சிறிய அளவிலேயே கிடைக்கும் அப் பொருளைப் பளிங்கு வடிவிற் பிரித்தெடுக்க 1957 வரை சென்றது. 1962இல் அதன் அமைப்பு வெளியாயிற்று. இருபது கரியணுக்கள் கொண்ட கொழுப்பமிலத்தின் வழிவந்த பொருள் அது. 1964ஆம் ஆண்டில், உயிரணுவின் மென்சவ்விலே அடங்கிக் கிடக்கும் அரக்கிடோனிக் அமிலத்திலிருந்தே அஃது ஆக்கப்படுகின்றதெனச் சுவீடனிலும் ஒல்லாந்திலும் நடந்த ஆய்வுகள் காட்டின. 1971இல் இங்கிலாந்தின் ஜோன் வேன், அஸ்பிரின் என்னும் பழைய மருந்து இவ் வாக்கத்தைத் தடுப்பதனாலேயே நோவையும் காய்ச்சலையும் தணிக்கின்றதென நிறுவினார். பெர்க்ஸ்ட்ரோம், அவர் மாணவர் சாமுவெல்சன், வேன் ஆகிய மூவரும் 1982ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றனர்.

இப் பொருளின் இயல்பு ஒன்று ஈண்டு நோக்கற்பாலது. ஓமோன்கள் சுரப்பியிற் பிறந்து, குருதியிற் கலந்து, தொலைவிலுள்ள உறுப்பை அடைந்து வினைசெய்வன. புரொஸ்டாகிளாண்டின் அத்தகையதன்று. வேண்டிய இடத்திலே வேண்டிய வேளையில் உண்டாகி, அண்மையிலுள்ள உயிரணுக்களுக்குச் செய்தி உரைத்து, விரைவிலே அழிந்துவிடும். ஓமோனைத் தபாற் கடிதத்திற்கு ஒப்பிட்டால், இதனைப் பக்கத்து வீட்டாரை வேலிக்கு மேலாக அழைக்கும் குரலுக்கு ஒப்பிடலாம்.

வெளியேற்றும் பொருள் என்னும் கொள்கை

தொடக்கத்தில் அறியப்பட்ட தொழில் கருப்பையைச் சுருக்குதல் ஆதலின், புரொஸ்டாகிளாண்டின் கருவை வெளியேற்றும் பொருள் என்றே பலரும் கொண்டனர். அக் கொள்கைக்குச் சான்றுகளும் வலுத்தன. 1957இல் இங்கிலாந்தின் பிக்கிள்ஸ், மாதவிலக்குப் பாய்மத்திலே தசையைச் சுருக்கும் பொருள் உண்டெனக் கண்டார்; அதுவும் இவ்வினத்ததே எனப் பின்னர்த் தெளிவாயிற்று. 1968இல் உகண்டாவின் கம்பாலா நகரில் கரீம் என்னும் ஆய்வாளர், இப் பொருளை நாளத்திற் செலுத்திப் பிரசவ வேதனையைத் தூண்டலாம் என்று காட்டினார்.

கால்நடைகளில் வெளிப்பட்ட செய்தியும் இதற்கு இசைந்தே நின்றது. பசு, ஆடு ஆகியவை சினைப்படாவிடின், கருப்பையிலிருந்து எஃப் இரண்டு அல்பா என்னும் வகைப் புரொஸ்டாகிளாண்டின் சென்று மஞ்சட்சடலத்தைக் கரைத்துவிடும். அதனாற் புரொஜெஸ்தரோன் குன்ற, பசு மீண்டும் பருவத்திற்கு வரும். பல பசுக்களை ஒரே காலத்திற் பருவத்திற்குக் கொணர்ந்து சினைப்படுத்த, இதே பொருளைக் கால்நடை மருத்துவர் ஊசி வழியே ஏற்றுவர். சினைப்பட்ட பசுவிலோ, இளமுளையம் இன்டர்ஃபெரோன் டோ என்னும் புரதத்தை வெளியிட்டு, கருப்பை அக் கரைக்கும் பொருளை அனுப்பாதவாறு தடுக்கின்றது. தான் வந்திருத்தலைத் தாய்க்கு அறிவித்துத் தன் இடத்தைக் காத்துக்கொள்ளும் முளையத்தின் முதல் முயற்சி இது.

இவற்றையெல்லாம் கண்டோர், இப் பொருளைக் கருவுக்குப் பகையெனத் துணிந்ததில் வியப்பில்லை.

எதிர்பாராத திருப்பம்

அத் துணிபை அசைத்தவை மூன்று சோதனைகள். முதலாவது, பிரான்சில் உழைத்த சைக்கோயோஸ் என்பவரது. 1960ஆம் ஆண்டளவில், கருவுற்ற எலியின் குருதியிலே நீலச் சாயம் ஒன்றைச் செலுத்தினார். முளையம் ஒட்டத் தொடங்கிய இடங்களில் மட்டும் கருப்பை நீல வளையமாயிற்று. ஒட்டும் இடத்திலே நுண்குருதிக் குழாய்கள் கசியத் தொடங்குகின்றன என்பது அதன் பொருள். முளையத்தைக் கண்ணாற் காணுமுன்பே அது தங்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் முறை அது. எலியின் கருப்பை ஒரு குறுகிய கால எல்லைக்குள் மட்டுமே முளையத்தை ஏற்கும். அதற்கு முன்னும் ஏற்காது, பின்னும் ஏற்காது என்பதையும் அவர் வலியுறுத்தினார்.

நுண்குருதிக் குழாய் கசிதல் வீக்கத்தின் அடையாளம். கை கால்களில் அடிபட்ட இடம் வீங்குவதும் அதனாலேயே. வீக்கத்தை உண்டாக்கும் பொருள்களுள் புரொஸ்டாகிளாண்டினும் ஒன்று என்பது வேனின் ஆய்வால் தெளிவாகியிருந்தது. ஆகவே அடுத்த வினா தானாகவே எழுந்தது: கரு ஒட்டும் இடத்துக் கசிவுக்கும் இதுவே காரணமாகுமோ?

1973இல் லாவ், இந்தியரான சக்சேனா, சீனாவிற் பிறந்த சாங் ஆகிய மூவரும் அமெரிக்காவில் இரண்டாம் சோதனையை வெளியிட்டனர். புரொஸ்டாகிளாண்டின் ஆக்கத்தைத் தடுக்கும் இன்டோமெதசின் என்னும் மருந்தைக் கருவுற்ற சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது கரு தங்கவில்லை. அம் மருந்தோடு புரொஸ்டாகிளாண்டினையோ புரொஜெஸ்தரோனையோ கொடுத்தபோது அத் தடை நீங்கியது. 1977இல் கனடாவின் கெனடி என்பவர் எலிகளில் மூன்றாம் சோதனையைச் செய்தார். இன்டோமெதசின் நீல வளையங்கள் தோன்றுவதைத் தடுத்தது. வளையம் தோன்றிய இடங்களிலோ புரொஸ்டாகிளாண்டினின் அளவு சுற்றியுள்ள இடங்களைவிட மிகுந்திருந்தது. வெளியேற்றும் பொருள் எனக் கருதப்பட்டதே, உள்ளே ஏற்கும் பொருளுமாயிற்று.

ஒரே பொருள் இரு முரணான தொழில்களைச் செய்வது எங்ஙனம்? விடை மூன்று கூறுடையது. புரொஸ்டாகிளாண்டின் ஒரு பொருளன்று, ஓர் இனம். ஈ, எஃப், ஐ எனப் பல வகையினது என்பது ஒன்று. ஒவ்வொரு வகையையும் ஏற்கும் வாங்கிகள் உயிரணுக்களில் வேறு வேறாக உள்ளன என்பது இரண்டு. அளவும் காலமும் இடமும் மாறினால் விளைவும் மாறும் என்பது மூன்று. ஒரே மழை விதைத்த நாளில் அமிழ்தாகவும் அறுவடை நாளில் அழிவாகவும் அமைவதை உழவர் அறிவர்.

கல்கத்தாவிலிருந்து கன்சாஸ் வரை

இவ் வுண்மையை மூலக்கூறு அளவிலே துருவி விளக்கியவர் சுதாம்சு குமார் தே. கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்று, அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்திற் சேர்ந்து, பல்லாண்டு அங்கு உழைத்தார். பின்னர் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்திலும், அதன்பின் சின்சினாட்டி நகரத்துச் சிறுவர் மருத்துவமனையிலும் அவர் பணி தொடர்ந்தது. 1980ஆம் ஆண்டிலேயே, முயலின் முளையம் தானே புரொஸ்டாகிளாண்டினை ஆக்க வல்லது என்பதை அவரும் அவருடன் உழைத்தோரும் வெளியிட்டனர். நிலம் மட்டுமன்று, நடப்படுவதும் பேசும் என்பது அதன் கருத்து.

அரக்கிடோனிக் அமிலத்தைப் புரொஸ்டாகிளாண்டின் ஆக்கும் வழியில் முதற்படியை நடத்தும் நொதியத்திற்குச் சைக்ளோஒக்சிஜனேஸ் என்று பெயர். சுருக்கமாகக் கொக்ஸ் என்பர். இந் நொதியம் இரு வடிவினது என்பது 1991ஆம் ஆண்டளவில் உறுதியாயிற்று. கொக்ஸ்-1 பல திசுக்களில் எப்போதும் இருப்பது. கொக்ஸ்-2 தூண்டல் நேர்ந்தபோது மட்டும் தோன்றுவது. 1996இல் சக்கரவர்த்தி, தாஸ் முதலியோரும் தேயும், சுண்டெலியின் கருப்பையிலே முளையம் ஒட்டும் வேளையில், அதனைச் சூழ்ந்த இடத்தில் மட்டும் கொக்ஸ்-2 தோன்றுவதைக் காட்டினர். கருப்பை முழுதும் விளக்கேற்றப்படவில்லை. விருந்தினன் வந்து நின்ற வாயிலில் மட்டும் விளக்கு ஏற்றப்பட்டது.

1997இல் லிம் முதலியோருடன் தே வெளியிட்ட ஆய்வு இத் துறையில் ஓர் எல்லைக்கல். கொக்ஸ்-2க்குரிய பரம்பரையலகு நீக்கப்பட்ட பெண் சுண்டெலிகளில் சூல் வெளிப்படுதல், கருக்கட்டல், உட்பதிதல், தாங்கு திசு வளர்தல் ஆகிய நான்கும் குன்றின. 1999இல் அதே ஆய்வுக்கூடத்தார், உட்பதிதலில் முதன்மையான வகை புரொஸ்டாசைக்ளின் என்றும், அது உயிரணுவின் கருவினுள்ளே உள்ள ஒரு வாங்கியின் வழியாக வினைசெய்கின்றதென்றும் கூறினர்.

எல்லாரும் இதனை அப்படியே ஏற்றுக்கொண்டனர் அல்லர். 2003இல் வேறோர் ஆய்வுக்கூடத்தார், கொக்ஸ்-2 இல்லாத சுண்டெலிகளிலும் கரு தங்கக்கூடும், தாங்கு திசுவின் வளர்ச்சியே பிந்துகின்றது என்று எழுதினர். அம் மாறுபாட்டுக்கு ஒரு காரணத்தைத் தேயின் குழுவினரே 2004இல் கண்டனர். சுண்டெலியின் குலவழி மாறினால், கொக்ஸ்-1 மிகுதியாகத் தோன்றிக் கொக்ஸ்-2இன் குறையை ஈடுசெய்கின்றது. மறுப்பு எழுந்தபோது அதனைப் புறக்கணியாமல், அதற்குரிய காரணத்தைத் தேடியதே ஆராய்ச்சியின் பண்பு. மாணவர் கருத்தில் இருத்தற்குரியது.

இவை யாவற்றிலும் பயன் மிக்கது 2002ஆம் ஆண்டு ஆய்வு. மென்சவ்விலிருந்து அரக்கிடோனிக் அமிலத்தை விடுவிக்கும் நொதியம் இல்லாத சுண்டெலிகளில், கரு தங்காமற் போகவில்லை; சிறிது காலந்தாழ்த்தித் தங்கியது. அச் சிறு தாமதமே பெருங்கேடாயிற்று. முளையங்கள் உரிய இடைவெளியின்றி நெருங்கிப் பதிந்தன. சில ஒன்றோடொன்று ஒட்டிய சூல்வித்தகங்களோடு வளர்ந்தன. குட்டிகளின் தொகை குறைந்தது. உரிய வேளையிற் புரொஸ்டாகிளாண்டினைப் புறத்திருந்து கொடுத்தபோது உட்பதிதல் மீண்டும் காலத்தில் நிகழ்ந்தது. 2005இல் மற்றொரு குழுவினர், வேறொரு கொழுப்புப் பொருளின் வாங்கியை நீக்கியபோதும் இவ்வாறே தாமதமும் நெருக்கமும் நேர்ந்தன. அவ் விலங்குகளிலும் கொக்ஸ்-2 குன்றியிருந்தது. தொடக்கத்தில் நேர்ந்த பிழை இறுதிவரை தொடர்கின்றது என்பது தெளிவாயிற்று.

உறைய வைத்த முளையம்

சுண்டெலியில் இவை நிறுவப்படுமுன்பே, மனிதரில் காலப் பொருத்தத்தைக் கையாண்ட ஒருவர் கல்கத்தாவில் இருந்தார். அவர் டாக்டர் சுபாஷ் முகர்ஜி. 1978 ஜூலை 25ஆம் நாள் இங்கிலாந்தில் உலகின் முதற் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. அதே ஆண்டு ஒக்டோபர் 3ஆம் நாள், முகர்ஜியும் அவர் துணைவர்களும் மேற்கொண்ட முயற்சியால் கல்கத்தாவில் துர்க்கா என்னும் பெண் குழந்தை பிறந்தது.

அவர் கையாண்ட முறை இங்கிலாந்தாரின் முறையன்று. சூலகத்தை ஓமோன் ஊசியால் ஊக்கிப் பல சூல்களைப் பெற்றார்; உடலுக்கு வெளியே கருக்கட்டச் செய்தார்; முளையத்தை 53 நாள் உறைய வைத்தார்; அதன்பின், ஊக்கப்படாத இயல்பான மாதச் சுழற்சி ஒன்றிலே அதனைக் கருப்பையுள் வைத்தார். ஊசியால் ஊக்கப்பட்ட சுழற்சியில் ஓமோன்கள் அளவு மீறி உயர்வதால், கருப்பையின் ஏற்கும் காலம் முளையத்தின் வயதோடு பொருந்தாமற் போகலாம் என்பது இன்று பரவலாக உணரப்பட்டுள்ளது. முளையத்தை உறைய வைத்து, கருப்பை பதப்பட்ட பின்னர் வைத்தல் இன்று உலகெங்கும் கையாளப்படும் முறைகளுள் ஒன்று.

ஆனால் அன்று அவருக்குக் கிடைத்தது பாராட்டன்று. மேற்கு வங்க அரசு 1978 நவம்பரில் நியமித்த குழு அவர் கூற்றை ஏற்க மறுத்தது. அயல்நாட்டிற்குச் சென்று தம் ஆய்வை எடுத்துரைக்க அனுமதி கிடைக்கவில்லை. 1981இல் அவர் துறைக்குத் தொடர்பில்லாத கண் மருத்துவ நிலையம் ஒன்றுக்கு மாற்றப்பட்டார். அவ்வாண்டு ஜூன் 19ஆம் நாள் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். இந்தியாவின் முதற் சோதனைக்குழாய்க் குழந்தை என்னும் பெயர், 1986 ஓகஸ்ட் 6ஆம் நாள் பம்பாயிற் பிறந்த ஒரு குழந்தைக்கு வழங்கப்பட்டது. அப் பம்பாய் முயற்சியில் முன்னின்ற டி. சி. ஆனந்தகுமார், பின்னர் முகர்ஜியின் குறிப்புகளைக் கற்று, அம் முதன்மை முகர்ஜிக்கே உரியது என 1997இல் வெளிப்படையாக எழுதினார். தமக்கு வந்த புகழைத் தாமே பிறர்க்கு உரியதெனக் கூறிய அப் பண்பு, அறிவியல் வரலாற்றில் அரிதாகக் காணப்படுவது.

முகர்ஜியிடம் இருந்தது செயலறிவு. தே தந்தது காரண அறிவு. இருவர் நெறிகளும் ஒன்றையொன்று தொடாமலே சென்று ஒரே உண்மையில் முடிந்தன: நல்ல கரு மட்டும் போதாது, அதனை ஏற்கும் காலமும் வாய்க்க வேண்டும்.

காலந் தாழ்ந்தால்

மனிதரில் இவ் வுண்மையை எண்ணிக்கையால் காட்டியது, அமெரிக்காவில் வில்கொக்ஸ் முதலியோர் 1999இல் வெளியிட்ட ஆய்வு. பிள்ளைப்பேற்றை விரும்பிய பெண்களின் சிறுநீரை நாள்தோறும் சோதித்து, சூல் வெளிப்பட்ட நாளையும் கரு ஒட்டிய நாளையும் கணித்தனர். ஆறு வாரங்களுக்கு மேல் நிலைத்த 141 கருக்களில் 118, அதாவது நூற்றுக்கு 84, சூல் வெளிப்பட்ட எட்டாம், ஒன்பதாம், பத்தாம் நாள்களில் ஒட்டியவை. ஒன்பதாம் நாளுக்குள் ஒட்டியவற்றில் நூற்றுக்கு 13 தொடக்கத்திலே கலைந்தன. பத்தாம் நாளில் ஒட்டியவற்றில் 26. பதினோராம் நாளில் ஒட்டியவற்றில் 52. அதற்கும் பிந்தியவற்றில் 82. பதினோராம் நாள் வரை ஒவ்வொரு நாள் தாமதமும் இழப்பை ஏறத்தாழ இருமடங்காக்கியதை இவ் வெண்கள் காட்டுகின்றன.

ஒன்று நினைவில் இருத்தல் வேண்டும். சுண்டெலியிற் கண்டன யாவும் மனிதர்க்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ளலாகாது. மனிதக் கருப்பை, முளையம் வராத மாதத்திலும் தாங்கு திசுவை ஆக்கி, அதனை மாதவிலக்காகக் கழிப்பது. சுண்டெலியின் கருப்பை அத்தகையதன்று. எனவே இவ் வறிவிலிருந்து கடைமருந்து வாங்கி உண்ணும் துணிவு பிறத்தல் ஆகாது. புரொஸ்டாகிளாண்டின் வகை மாத்திரைகள் கருவைக் கலைக்க வல்லன. அவற்றின் ஆக்கத்தைத் தடுக்கும் நோவு மருந்துகளும் கருவுற விழைவார்க்கு எப்போதும் ஏற்றவை அல்ல. இவை மருத்துவர் அறிவுரையோடு மட்டுமே கொள்ளத்தக்கன.

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு விடை கூறலாம். கருக்கட்டிய சூல்களிற் பல, தாய் அறியுமுன்பே கழிந்துபோகின்றன. அது நோயாளியின் உடலில் மட்டும் நேர்வதன்று. நலமுள்ளவர் உடலிலும் நேர்வது. சூலின் குறையும் காரணமாகலாம். விந்தின் குறையும் காரணமாகலாம். முளையமும் கருப்பையும் ஒருவரையொருவர் அழைக்கும் குரல் ஒரு நாள் பிந்தியதும் காரணமாகலாம். சூலின் குறையையும் விந்தின் குறையையும் பெண் தன் விருப்பத்தால் விளைத்தாள் அல்லள்; பிந்திய நாளும் அவள் செய்தது அன்று. விடியலிலே கூடையைச் சுமந்து மலையேறிக் கொழுந்து பறித்து, மாலையில் லயத்துக்கு மீளும் ஒரு பெண்ணை நோக்கி மலடி என்பார், உடலியலின் அரிச்சுவடியையும் அறியாதார் ஆவர். தோட்டத்து மருத்துவிச்சிகளும் பாடசாலை ஆசிரியர்களும் இதனைப் பெற்றோர்க்கு எடுத்துரைத்தல் கடன். கணவனும் மனைவியும் ஒருங்கே மருத்துவரை நாடுதல் முறை.

புரொஸ்டாகிளாண்டினின் வரலாறு, பிழையான பெயரில் தொடங்கி, பகைவன் எனத் தவறாகக் கொள்ளப்பட்டு, பின்னர் வாயில் திறக்கும் துணைவன் என அறியப்பட்ட வரலாறு. தவறாகக் கொண்டதைச் சோதனையாற் களைந்து, மறுப்பைப் பொறுமையோடு கேட்டு, உரியவர்க்கு உரிய புகழைக் காலந்தாழ்ந்தாயினும் அளித்தமையாலேயே இவ் வறிவு வளர்ந்தது. பொருளின் பெயரில் நேர்ந்த பிழையால் எவர் மனமும் புண்படவில்லை. அது நிற்பதால் கேடில்லை. பெண்ணின்மேல் நாம் இட்ட பெயர் அத்தகையதன்று. அது களையத்தக்கது.